ஓடுபாதையை உலகமே பார்க்கிறது!

ஆகாய விமானத்தின் சத்தம் கேட்டால், வீட்டுக்குள் விளையாடும் குழந்தை வாசலுக்கு ஓடி வருகிறது. அண்ணாந்து பார்க்கிறது. விமானம் மேகத்துக்குள் மறையும் வரை கையை ஆட்டுகிறது.

பெரியவர்களுக்கும் இந்த ஆசை உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்!

இந்த ஆசை இன்று உலகம் முழுவதும் ஒரு பெரிய பொழுதுபோக்காகி விட்டது. பெரிய விமான நிலையங்களின் ஓரத்தில் காமிராவை வைக்கிறார்கள். விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் நேரடியாக ஒளிபரப்புகிறார்கள். லட்சக்கணக்கான பேர் செல்போனிலும் டெலிவிஷனிலும் அதைப் பார்க்கிறார்கள்.

இப்படிப் பார்க்கப்படும் விமான நிலையங்களில் முக்கியமானது ஹீத்ரோ. லண்டன் நகரின் மையத்தில் இருந்து மேற்கே சுமார் 23 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இந்த ஹீத்ரோவைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு பெரிய வழக்கு நடக்கிறது. கோர்ட்டில் மட்டும் அல்ல. பாராளுமன்றத்திலும், தெருவிலும், வீட்டுத் திண்ணையிலும் நடக்கும் வழக்கு அது. "இன்னொரு ஓடுபாதை போடலாமா, கூடாதா?" என்பதே வழக்கு.

காமிரா இந்த வழக்கில் ஒரு சாட்சி. அது எதைச் சொல்கிறது? எதைச் சொல்லாமல் விடுகிறது?

புயல் நாளில் திரண்ட கூட்டம்

2022-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி. "யூனிஸ்" என்ற புயல் இங்கிலாந்தைத் தாக்கியது. வைட் தீவில் காற்று மணிக்கு 196 கிலோ மீட்டர் வேகத்தில் வீசியது. இங்கிலாந்தில் அதற்கு முன் அவ்வளவு வேகமான காற்று பதிவானது இல்லை. லண்டனுக்கும் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. மரங்கள் சாய்ந்தன. கூரைகள் பறந்தன.

ஆனாலும் ஹீத்ரோவில் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.

ஓடுபாதைக்கு அருகே ஒரு வேன் நின்றது. அதன் மேல் ஒருவர் காமிராவுடன் நின்றார். அவர் பெயர் ஜெர்ரி டையர். "பிக் ஜெட் டி.வி." என்ற நேரடி ஒளிபரப்பை நடத்துபவர். காற்றில் ஆடி ஆடி வரும் ஒவ்வொரு விமானத்தையும் அவர் காட்டினார். கால்பந்து வர்ணனை போல உற்சாகமாகப் பேசினார். விமானிகளைத் தட்டிக் கொடுத்தார்.

அன்று ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"ஆபத்தைப் பார்க்கத்தானே கூட்டம் கூடியது?" என்று சிலர் கேட்டார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. சர்க்கஸ் கூடாரத்தில் கயிற்றின் மேல் நடப்பவரைப் பார்க்கும்போது வரும் படபடப்புதான் அது. ஆனால் அவர் விழ வேண்டும் என்று யாரும் விரும்புவது இல்லை. பத்திரமாக மறு முனைக்குப் போனதும் கை தட்டுகிறார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது.

விமானம் ஏன் கோணலாக வருகிறது?

அன்றைய காட்சியைப் பார்த்தவர்களை அதிகம் பயமுறுத்தியது ஒன்று. விமானத்தின் மூக்கு ஓடுபாதைக்கு நேராக இல்லை! ஒரு பக்கமாகத் திரும்பி இருந்தது. "பாதை தவறிவிட்டதோ?" என்று பலர் பதறினார்கள்.

உண்மையில் அதுதான் சரியான முறை.

ஆற்றைக் கடக்கும் ஓடக்காரரை எண்ணிப் பாருங்கள். நேர் எதிரே உள்ள துறையைக் குறி வைத்துத் துடுப்புப் போட்டால், நீரோட்டம் ஓடத்தைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகையால் ஓடத்தின் முனையைச் சற்று மேற்புறமாகத் திருப்பி வைத்துக்கொள்வார். ஓடம் கோணலாக நகரும். ஆனால் சரியான துறையில் போய்ச் சேரும்.

விமானியும் இதையே செய்கிறார். காற்று வரும் பக்கமாக மூக்கைத் திருப்பி வைத்துக்கொள்கிறார். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் மூக்கை நேராக்குகிறார். மணிக்கு சுமார் 250 கிலோ மீட்டர் வேகத்தில் வரும்போது, சில வினாடிகளுக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும்!

இன்னொரு பயமும் உண்டு. தரைக்கு மிக அருகில் வந்த விமானம், இறங்காமல் திடீரென்று மேலே எழும்பிப் போய்விடும்.

2022-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இப்படி நடந்தது. அபர்டீன் நகரில் இருந்து வந்த விமானம் ஹீத்ரோவில் இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டது. காற்று தூக்கியது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விமானி உடனே என்ஜின் வேகத்தைக் கூட்டினார். விமானம் மறுபடி வானத்துக்கே ஏறிவிட்டது. பிறகு சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது.

இந்தக் காட்சியும் உலகம் முழுவதும் பரவியது. பார்த்தவர்கள் "தப்பினோம், பிழைத்தோம்" என்று பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் இது விமானிகளுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். "சந்தேகம் வந்தால் இறங்காதே, மேலே போ, சுற்றி வா" என்பதே அந்தப் பாடம். மேலே ஏறிப்போவது தோல்வி அல்ல. அதுவே ஜாக்கிரதை.

காமிரா செய்த முதல் நன்மை இதுதான். விமானப் பயணம் என்றால் பயந்தவர்கள், அது எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் கண்டார்கள். புரிந்த பிறகு பாதிப் பயம் போய்விட்டது.

வானத்தில் ஒரு வரிசை

ஓடுபாதைக் காமிராவைச் சற்று நேரம் பார்த்தால் இன்னொரு உண்மையும் தெரியும். ஒரு விமானம் இறங்கி ஒதுங்குவதற்குள் அடுத்த விமானத்தின் விளக்கு தெரிகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு விளக்கு. அதற்கும் பின்னால் இன்னொன்று!

ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள்தான். ஒன்றின் நீளம் 3,902 மீட்டர். மற்றொன்று 3,658 மீட்டர். சாதாரணமாக ஒன்றில் விமானங்கள் இறங்கும். மற்றொன்றில் ஏறும்.

2024-ம் ஆண்டில் இந்த விமான நிலையத்தின் வழியாகச் சென்ற பயணிகள் சுமார் 8 கோடியே 39 லட்சம் பேர். தமிழ்நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்!

இங்கே ஆண்டுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் தடவைக்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கக்கூடாது என்று வரம்பு கட்டி இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1,300-க்கு மேல் வருகிறது. ராத்திரியில் மிகக் குறைவான விமானங்களுக்கே அனுமதி உண்டு. எனவே பகலில் சுமார் 45 வினாடிக்கு ஒரு விமானம் ஏறுகிறது, அல்லது இறங்குகிறது.

இதைவிட நெருக்கமாக வரச் சொன்னால் என்ன?

முடியாது. பெரிய லாரி கடந்து போனால், பக்கத்தில் போகும் சைக்கிள் ஆடுகிறது அல்லவா? பெரிய விமானமும் தன் இறக்கைகளுக்குப் பின்னால் சுழல் காற்றை விட்டுப் போகிறது. பின்னால் வரும் விமானம் அதில் சிக்கினால் ஆபத்து. ஆகவே இடைவெளி கட்டாயம் வேண்டும்.

முன்பு இந்த இடைவெளியைத் தூரத்தில் அளந்தார்கள். எதிர்காற்று பலமாக வீசும் நாளில், அந்தத் தூரத்தைக் கடக்க விமானத்துக்கு அதிக நேரம் பிடித்தது. மணிக்கு இறங்கும் விமானங்களின் எண்ணிக்கை குறைந்தது. 2015-ல் இடைவெளியை நேரத்தில் அளக்கும் முறையை ஹீத்ரோவில் கொண்டு வந்தார்கள். சில வினாடிகள் மிச்சமாயின. அந்தச் சில வினாடிகளுக்காக ஒரு புதிய முறையே தேவைப்பட்டது என்றால், நெருக்கடி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஓடுபாதை காலியாகக் கிடந்த நாள்

2025-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி ராத்திரி, ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஹேய்ஸ் பகுதியில் ஒரு துணை மின்நிலையம் தீப்பற்றியது. விமான நிலையத்தின் ஒரு பகுதிக்கு மின்சாரம் நின்றது. மறுநாள் பகல் முழுவதும் ஹீத்ரோ மூடப்பட்டது. மாலையில்தான் விமானங்கள் வரத் தொடங்கின.

தீப்பிடித்த நேரத்தில் ஹீத்ரோவை நோக்கி சுமார் 120 விமானங்கள் வானத்தில் வந்துகொண்டு இருந்தன. அவை வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. சில புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. 1,300-க்கு மேற்பட்ட விமானங்கள் பாதிக்கப்பட்டன. 2 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் திண்டாடினார்கள்.

கல்யாணத்துக்குப் போகிறவர் இருந்திருப்பார். துக்கத்துக்குப் போகிறவரும் இருந்திருப்பார். யாருக்காகவும் ஓடுபாதை திறக்கவில்லை.

ஹீத்ரோவுக்கு மின்சாரம் வர மூன்று வழிகள் உண்டு. அதில் ஒன்றுதான் போயிற்று. ஆனால் மற்ற வழிகளுக்கு மாற்றி இணைக்கவும், எல்லாக் கருவிகளையும் சோதித்துப் பார்க்கவும் பல மணி நேரம் பிடித்தது.

காரணம் என்ன? அந்த ஆண்டு ஜூலை மாதம் விசாரணை அறிக்கை வந்தது. மின்மாற்றியின் ஒரு பாகத்தில் ஈரம் ஏறி இருக்கிறது என்பது 2018-லேயே சோதனையில் தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சரி செய்யவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து அது தீயாக வெளிப்பட்டது.

ஓடுபாதையைப் பல காமிராக்கள் பார்த்துக்கொண்டு இருந்தன. மின்மாற்றிக்குள் ஊறிய ஈரத்தை எந்தக் காமிராவும் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதைக் காட்டுவதே காமிராவின் வேலை. கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் பார்ப்பது மனிதனின் வேலை.

காதுக்கு யார் சாட்சி?

காமிரா காட்டாத இன்னொன்றும் உண்டு. அதுதான் இரைச்சல்.

"காமிராவில் சத்தமும் கேட்கிறதே!" என்று சொல்லலாம். கேட்கிறது. ஆனால் வீட்டில் பார்க்கிறவர் சத்தம் அதிகமானால் குறைத்துக்கொள்கிறார். அலுத்துப் போனால் நிறுத்திவிடுகிறார். ஹவுன்ஸ்லோவில் குடியிருக்கிறவர் எதைத் திருகிக் குறைப்பார்?

ஹவுன்ஸ்லோ என்பது ஹீத்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஊர். இங்கிலாந்தில் பெரும்பாலும் மேற்குக் காற்று வீசுகிறது. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். ஆகையால் பெரும்பாலான நாட்களில் அவை கிழக்கே இருந்து, லண்டன் நகரையும் ஹவுன்ஸ்லோவையும் தாண்டி வருகின்றன.

விமான நிலையத்தின் அருகே "மிர்ட்டில் அவென்யூ" என்று ஒரு தெரு இருக்கிறது. தெருவின் முடிவில் ஒரு புல்வெளி. விமானம் பார்க்கும் பிரியர்கள் அங்கே கூடுகிறார்கள். நாற்காலி, தொலைநோக்கி, தேநீர்க் குடுவை சகிதம் வந்து உட்காருகிறார்கள். தலைக்கு மேலே விமானம் போகும்போது ஆனந்தப்படுகிறார்கள்.

அதே தெருவில் வீடுகளும் இருக்கின்றன. பிரியர்கள் சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்?

ஹவுன்ஸ்லோ வட்டாரத்தில் ஒரு சிறுவர் பள்ளி. அதன் விளையாட்டு மைதானத்தில் மண் மூட்டைகளை அடுக்கி, கவிழ்த்த பானை போன்ற அறைகளைக் கட்டினார்கள். எதற்கு? விமானம் போகும்போது பிள்ளைகள் அதற்குள் இருந்தால், ஆசிரியர் சொல்வது காதில் விழும்!

சத்தம் படிப்பைக் கெடுக்குமா? இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்து, ஹாலந்து, ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளில், பெரிய விமான நிலையங்களைச் சுற்றி உள்ள 89 பள்ளிகளில் சோதனை நடந்தது. 9 வயது, 10 வயதுள்ள 2,844 பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். முடிவு 2005-ல் "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

விமான இரைச்சல் கூடக் கூட, படித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைகிறது என்பதே அந்த முடிவு. இரைச்சல் 5 டெசிபல் கூடினால், இங்கிலாந்துப் பிள்ளைகள் வாசிப்பில் 2 மாதம் வரை பின்தங்குவதாகக் கணக்கிட்டார்கள்.

2 மாதம் சிறிய கணக்காகத் தோன்றலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய கணக்கு.

அரை மணி நேர அமைதி

2022-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்கு நடந்தது. நாடு முழுவதும் 2 நிமிடம் மவுன அஞ்சலி செலுத்த ஏற்பாடு. அந்த நேரத்தில் விமானச் சத்தம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பகல் 11-40 மணி முதல் 12-10 மணி வரை ஹீத்ரோவில் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்பட்டன. அன்று 100-க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

ராணிக்குச் செய்த மரியாதை அது. அதை யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்று வெளிச்சமாயிற்று. இந்தச் சத்தம் அமைதியைக் குலைக்கும் சத்தம்தான் என்பதை அந்த நாடே ஒப்புக்கொண்டது.

ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. விமானங்கள் மேற்கு நோக்கி இறங்கும் நாட்களில், பிற்பகல் 3 மணிக்கு ஓடுபாதைகளை மாற்றிக்கொள்வார்கள். காலையில் விமானம் இறங்கிய பாதையில் மாலையில் இறங்காது. ஆகவே ஒரு தெருவுக்குக் காலையில் ஓய்வு என்றால், அடுத்த தெருவுக்கு மாலையில் ஓய்வு. தாய்மார்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும்!

மூன்றாவது ஓடுபாதை

இப்போது வழக்குக்கு வரலாம்.

மூன்றாவது ஓடுபாதைத் திட்டத்துக்கு 2018-ல் இங்கிலாந்து பாராளுமன்றம் சம்மதம் கொடுத்தது. ஆதரவாக 415 ஓட்டு. எதிராக 119 ஓட்டு. 2020 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டு அது செல்லாது என்றது. தட்பவெப்ப மாற்றம் பற்றிய பாரிஸ் ஒப்பந்தத்தைச் சர்க்கார் கணக்கில் எடுக்கவில்லை என்பது காரணம். அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதற்குள் கொரோனா வந்து, விமானங்களே நின்றுபோயின. திட்டமும் தூங்கியது.

2025 ஜனவரியில் நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் திட்டத்தைத் தட்டி எழுப்பினார். சர்க்கார் ஆதரவு கொடுக்கும் என்று அறிவித்தார். அந்த ஆண்டு கோடையில் ஹீத்ரோ நிர்வாகம் தன் திட்டத்தைக் கொடுத்தது. அதன்படி, விமானங்கள் ஏறி இறங்குவது ஆண்டுக்கு 7 லட்சத்து 56 ஆயிரம் தடவை வரை உயரும். பயணிகள் 15 கோடி வரை வரலாம்.

ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஓடுபாதைகளும் நிரம்பி வழிகின்றன. புதிய ஊர்களுக்கு விமானம் விட இடம் இல்லை. விமானம் பயணிகளை மட்டும் சுமப்பதில்லை. அவர்கள் காலுக்குக் கீழே சரக்கும் போகிறது. வியாபாரம் பெருகும், வேலை கிடைக்கும் என்கிறார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லாங்போர்டு, ஹார்மண்ட்ஸ்வொர்த் ஆகிய கிராமங்களில் நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்க வேண்டி வரும். இதுவரை சத்தம் கேட்காத ஊர்களுக்கும் சத்தம் வரும். புகை கூடும். பகலில் பாதி நேரம் கிடைத்த ஓய்வு குறையும்.

இந்த இரண்டு பக்கத்தில், காமிரா ஒரு பக்கத்துக்குத்தான் நன்றாகச் சாட்சி சொல்கிறது. வரிசையாக வரும் விளக்குகளைப் பார்ப்பவர்கள், "பாவம், இடம் போதவில்லை. இன்னொரு பாதை போட்டால் என்ன?" என்று நினைக்கக்கூடும். அது இயல்புதான். கண்ணில் படுவது நெருக்கடி. காதில் படாதது இரைச்சல்.

அதற்காகக் காமிராவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதை மூடிவிடவும் வேண்டாம். முன்பு அதிகாரிகள் மட்டுமே பார்த்த காரியத்தை இப்போது ஒரு சிறுவன் கூடப் பார்க்க முடிகிறது. தவறு நடந்தால் மறைக்க முடியாது. இது நல்ல காலம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹீத்ரோவைச் சுற்றி ஒலியை அளக்கும் கருவிகள் பல இடங்களில் இருக்கின்றன. எந்த விமானம், எந்த வீட்டின் மேல், எவ்வளவு சத்தத்துடன் போயிற்று என்ற கணக்கும் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கப்பட்டு இருக்கிறது. புயல் காட்சியைப் பார்க்கத் திரண்ட கூட்டம், அந்தக் கணக்கைப் பார்க்கவும் ஒரு நாள் திரும்பினால் போதும்.

பெரிய நகரங்கள் எல்லாம் புதிய விமான நிலையம் கேட்கின்றன. பழையதை விரிவாக்கவும் கேட்கின்றன. எந்த ஊரானாலும் கேள்வி ஒன்றுதான். எத்தனை விமானம் இறங்கும் என்று எண்ணுகிறவர்கள், அந்த விமானங்களுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.